பொன் வேய்ந்த கூரையும் படை வந்த பாதையும்: மாபார் படையெடுப்புகளும் தமிழகக் கோயில்களும் (1311–1383)

1311 அக்டோபரில் தில்லித் தளபதி மாலிக் காபூரின் படை தெற்கிலிருந்து, அவர்கள் மாபார் என்றழைத்த தமிழகத்திலிருந்து, தில்லி திரும்பியது. கொண்டுவந்த கொள்ளை எவ்வளவு? சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் அவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ 512 யானை, 5,000 குதிரை என்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய ஜியாவுதீன் பரணியோ 612 யானை, 20,000 குதிரை என்கிறார். யானை நூறு கூடியது. குதிரை நான்கு மடங்கானது. கோயில் இடிப்பைப் பற்றி இவர்கள் எழுதியதைப் படிக்கும்போதும் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வென்றவனைப் பாட எழுந்த நூல்கள் அவை. இடித்ததைக் குறைத்துச் சொல்ல அவர்களுக்குக் காரணமில்லை. கூட்டிச் சொல்லக் காரணம் நிறையவே இருந்தது.

படை ஏன் இவ்வளவு தூரம் வந்தது? அலாவுதீனுக்குப் பணம் தேவைப்பட்டது. மங்கோலியர் 1299இலும் 1303இலும் தில்லி வாசலுக்கே வந்துவிட்டனர். அவர்களைத் தடுக்கப் பெரும்படை வேண்டும். அந்தப் படைக்கு ரொக்கச் சம்பளம் வேண்டும். தெற்கில் பொன் குவிந்திருந்த இடமோ கோயில். முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் தில்லையிலும் திருவரங்கத்திலும் பொன் வேய்ந்து, ‘கோயில் பொன் வேய்ந்த பெருமாள்’ என்று பட்டமே சூடிக்கொண்டு அரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. அரசனின் புகழுக்காக ஊரறியச் சாற்றிய பொன், அவன் வழித்தோன்றல்கள் சண்டையிட்டுக்கொண்ட நாளில் காவலின்றிக் கிடந்தது. மாறவர்மன் குலசேகரனுக்குப் பின் அவன் மக்கள் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் அரியணைக்கு மோதிக்கொண்டிருந்த நேரம் அது. குதிரை வணிகத்தால் கடற்கரையில் வேரூன்றிய முஸ்லிம்களும் வீரபாண்டியனின் படையில் இருந்தார்கள். அவர்கள் பிடிபட்டு, கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழியைச் சொல்லத் தெரிந்ததால் உயிர் தப்பியதாகக் குஸ்ரோவே எழுதுகிறார்.

‘பிரமஸ்த்புரி’ என்ற ஊரின் பொற்கோயிலை அடித்தளத்தோடு தோண்டியெடுத்ததாகக் குஸ்ரோ சொல்கிறார். அந்த ஊர் சிதம்பரமா, திருவரங்கமா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. எதுவாக இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான். சிதம்பரத்தில் சோழர் கல்வெட்டுகள் இன்றும் சுவரில் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோபுரங்கள் நிற்கின்றன. திருவரங்கத்தில் முதலாம் பராந்தகன் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் உண்டு. அடித்தளம் பெயர்க்கப்பட்ட கோயிலில் இவை எப்படி மிஞ்சும்? மதுரையைப் பற்றி அவர் சொல்வது நம்பும்படியாக இருக்கிறது. பாண்டியன் தப்பிவிட்டான், ஊர் காலி, சொக்கநாதர் கோயிலில் இரண்டு மூன்று யானைகள்தான் மிச்சம். ஆத்திரத்தில் கோயிலுக்குத் தீ வைத்தார் தளபதி. ஏமாற்றத்தை யாரும் புகழுக்காகக் கற்பனை செய்வதில்லை.

அதற்காக, சேதமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கல் தப்பியிருக்கலாம், பொன்னும் திருமேனியும் பூசையும் தப்பவில்லை. இந்தச் சேதத்தைச் சொல்லும் சான்று தில்லியில் இல்லை, திருப்பத்தூரில் இருக்கிறது. சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த அந்த ஊரின் திருத்தளிநாதர் கோயிலில் பதினான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. துலுக்கர் படை தங்கியதில் கோயில் பாழ்பட்டதையும், ஊர் நிலைகுலைந்ததையும், சூரைக்குடி விசையாலய தேவன் மீண்டும் பிரதிட்டை செய்வித்ததையும் அது பதிவு செய்கிறது. கைம்மாறாக ஊரார் தங்கள் விளைச்சலில் இவ்வளவு நெல் அவனுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் அழுகையில்லை, சாபமில்லை. ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். சேதம் எத்தகையது, அதைச் சரிசெய்ய யார் விலை கொடுத்தார்கள் என்பதை வேறெந்த நூலையும்விட இந்தக் கல் தெளிவாகச் சொல்கிறது.

இந்தியா முழுவதும் இடித்த கோயில்கள் எத்தனை என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. எழுத்தாளர் சீதாராம் கோயல், கோயில் இருந்த இடத்தில் எழுந்ததாக ஏறத்தாழ 2,000 கட்டடங்களைப் பட்டியலிட்டார். வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன் 1192 முதல் 1729 வரை உறுதியான சான்றுள்ளவை 80 என்றார். தோற்ற அரசனின் அதிகாரச் சின்னம் என்பதாலேயே அவை தாக்கப்பட்டன என்பது அவர் வாதம். ஒரு சிற்றூர்க் கோயிலில் பூசை நின்றுபோனது இரண்டு பட்டியலிலும் எளிதில் அகப்படாது.

இந்து மன்னர்களும் எதிரியின் கோயிலிலிருந்து எடுத்து வந்தார்கள் என்பது ஈட்டன் தரப்பின் இன்னொரு வாதம். உண்மைதான். சோழன் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை, பீடத்தில் அந்தச் செய்தியோடு, இன்று தஞ்சையில் இருக்கிறது. ஆனால் கொண்டுவந்த சிலைக்கு வாசலில் மரியாதையான இடம் கிடைத்தது. உடைப்பதையே புண்ணியமாகப் போற்றிய நூல்மரபை இதோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பது சரியாகத் தோன்றவில்லை. கொள்ளை இருவருக்கும் பொது; இறையியல் பொதுவன்று.

மாலிக் காபூர் வந்தார், போனார். நெடுங்காலக் கேடு 1323இல் உலூக் கான், அதாவது பின்னாளைய முகமது பின் துக்ளக், அனுப்பிய படையோடு தொடங்கியது. திருவரங்கத்துக் கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு அந்த நாளின் படுகொலையைப் பன்னீராயிரவர் முடி திருத்திய கலகம் என்று குறிக்கிறது. எண்ணிக்கை மரபு சொல்வது, அச்சம் உண்மை. மூலவரை மறைத்துக் கல்சுவர் எழுப்பினார்கள். முதியவரான வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் உற்சவரைத் தூக்கிக்கொண்டு தெற்கே போய், வழியிலேயே ஜோதிஷ்குடியில் காலமானார். வேதாந்த தேசிகர் பிணக்குவியலுக்குள் பதுங்கி ‘சுருதப்பிரகாசிகை’ சுவடியைக் காப்பாற்றினார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. உற்சவர் கோழிக்கோடு, திருநாராயணபுரம் வழியாகத் திருப்பதி மலையேறினார். மதுரையிலும் கருவறையை மூடி, வெளியே போலி லிங்கம் வைத்ததாகத் தலவரலாறு கூறுகிறது.

1335இல் மதுரையில் தனிச் சுல்தானியம் ஏற்பட்டது. அதன் சுல்தான் கியாசுதீனுக்கு ஒருவகையில் சகலையான மொராக்கோ பயணி இபின் பதூதா, கைதிகளையும் பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதைக் கண்டு அருவருத்து எழுதினார். போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனின் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததையும் நேரில் பார்த்ததாகச் சொல்கிறார். சுல்தானின் கொடுமைக்கு ஒரு முஸ்லிம் பயணியே சாட்சி என்பதை இரு தரப்பு விவாதக்காரர்களும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

விசயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரைச் சுல்தானியத்தை முறியடித்தபின், 1371இல் செஞ்சியிலிருந்த அதிகாரி கோபண்ணர் உற்சவரைத் திருவரங்கம் கொண்டுவந்து சேர்த்தார். கோயில் கல்வெட்டே இதற்குச் சான்று. அங்கோ புதுக் குழப்பம். இடைக்காலத்தில் வேறோர் உற்சவரை எழுந்தருளச் செய்திருந்தார்கள்; பழையவரை அடையாளம் காட்ட ஆளில்லை. பார்வையற்ற ஒரு வயதான வண்ணாரை அழைத்தார்கள். இரு திருமேனிகளுக்கும் நீராட்டி, ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். கஸ்தூரி மணத்தைச் சுவைத்தறிந்து, “இவரே நம்பெருமாள்” என்றாராம் அவர். கதையாகவே இருக்கட்டும், இரு தலைமுறை இடைவெளியில் ஒரு கோயில் எதை இழக்கும் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை. மற்றவர் ‘திருவரங்க மாளிகையார்’ என்ற பெயரோடு அங்கேயே தங்கிவிட்டார்.

நின்றுபோயிருந்த சித்திரைப் பெருவிழா தொடங்க மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1383இல் விசயநகர இளவரசன் விருப்பண்ண உடையார் அதற்குப் பொருள் கொடுத்தார். அவர் பெயரால் திருவரங்கத்தார் அந்த விழாவை விருப்பன் திருநாள் என்கிறார்கள்.