வானம் வெளிவாங்கும் முன்

கல்யாணத்துக்குப் பாதிரியார் எதற்கு? 1783 செப்டம்பரில் பெர்லின் நகரத்து மாத இதழ் ஒன்றில் இந்தக் கேள்வியைக் கிளப்பியவர் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ‘பெர்லினிஷ மோனாட்ஷ்ரிஃப்ட்’ என்ற அந்த இதழ் அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தது. ஆசிரியர்கள் இருவர். கெடிக்கே பள்ளித் தலைமையாசிரியர். பீஸ்டர், பிரஷ்ய அரசின் கல்வி, சமய விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் ஸெட்லிட்ஸின் செயலாளர். பெயரில்லாத அந்தக் கட்டுரை பீஸ்டர் எழுதியது.

திருமணமும் ஓர் ஒப்பந்தம்தானே என்பது அவருடைய வாதம். அதற்கு மட்டும் பாதிரியாரை அழைத்துவந்து புனிதமாக்கினால், மற்ற ஒப்பந்தங்களை மீறினால் பாவமில்லை என்று எளிய மக்கள் எண்ணிவிடுவார்கள். அறிவொளி பெற்றவர்களுக்கோ இந்தச் சடங்கே வேண்டியதில்லை. புரோகிதர் இல்லாத கல்யாணத்தைப் பற்றிய வழக்காடலைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது பழகிய குரலாகத்தான் ஒலிக்கும்.

டிசம்பர் இதழில் பதில் வந்தது. எழுதியவர் ஸோல்னர் என்ற பெர்லின் போதகர். பழமைவாதி என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. சீர்திருத்தக்காரர்களோடு பழகியவர், அவர்களுடைய சங்கத்தில் உறுப்பினர். குடும்பத்தின் அடித்தளமான திருமணத்திலிருந்து சமயத்தை விலக்கக்கூடாது, அறிவொளி என்ற பெயரால் மக்களின் தலையிலும் மனத்திலும் குழப்பத்தை விதைக்கிறார்கள் என்று கடிந்துகொண்டார். அந்தச் சொல்லின் அருகில் ஓர் அடிக்குறிப்பு. அறிவொளி என்றால் என்ன? மக்களுக்கு அதை ஊட்டக் கிளம்பும் முன் இதற்கு விடை சொல்லியிருக்க வேண்டும். எங்கும் விடையைக் காணோம் என்பது அதன் சாரம்.

அந்த அடிக்குறிப்புக்குக் கிடைத்த பதில்களைத்தான் உலகம் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது.

ஜெர்மன் மொழியில் அவர்கள் பயன்படுத்திய சொல் ‘ஆஃப்க்ளேருங்’. ஏதோ ஒன்றைத் தெளியவைப்பது என்பது அதன் நேர்ப்பொருள். வானிலையோடும் அதற்கு உறவு உண்டு. மேகம் விலகி வெயில் எட்டிப்பார்க்கும்போது நம் ஊர்களில் ‘வானம் வெளிவாங்கிவிட்டது’ என்பார்களே, அந்த வெளிவாங்குதல். 1791இல் பெர்லின் ஓவியர் கோதொவீட்ஸ்கி அறிவொளிக்கு ஒரு செதுக்கோவியம் செய்தபோது தேவதையையோ தீப்பந்தத்தையோ அவர் நாடவில்லை. காலைக் கதிரவன் எழும்பும் ஒரு நாட்டுப்புறக் காட்சியைத்தான் செதுக்கினார். வேறு எந்தச் சின்னமும் எல்லோருக்கும் புரியாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஆங்கிலத்தில் புத்தர் போதி மரத்தடியில் பெற்றதற்கும், பெர்லின்காரர்கள் மாத இதழில் விவாதித்ததற்கும் ஒரே சொல்தான். தமிழ் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. ஞானம் அல்லது ஞானோதயம் என்றால் ஒருவர் தனித்திருந்து அடைவது. துன்பத்தின் வேரைக் கண்டு அதிலிருந்து விடுபடுவது. அறிவொளி ஊருக்குப் பொதுவானது. எழுத்தறிவு பரப்பத் தமிழகத்தில் 1990களில் பெரிதாக நடந்த முயற்சிக்கு ‘அறிவொளி இயக்கம்’ என்று பெயர் வைத்தவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். பெர்லின் விவாதத்தின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. பொதுவான ஒளி என்றால் யாருக்கெல்லாம்? எவ்வளவு? அதை அளந்து கொடுக்கும் கை யாருடையது?

இந்தக் கேள்விகளை அலசியவர்கள் ‘புதன்கிழமைச் சங்கம்’ என்ற சிறு குழுவினர். 1783இல் உருவான இந்தச் சங்கத்துக்கு ‘அறிவொளியின் நண்பர்கள்’ என்றும் பெயர் உண்டு. பிரஷ்யாவின் புதிய சட்டத்தொகுப்பை எழுதிக்கொண்டிருந்த ஸ்வாரெஸ், க்ளைன், பதிப்பாளர் நிக்கோலாய், சில போதகர்கள், இதழின் இரு ஆசிரியர்கள் என எல்லோரும் ஊரறிந்தவர்கள். சங்கமோ ரகசியமானது. யார் யார் உறுப்பினர் என்பதை வெளியே சொல்லக்கூடாது. கூட்டத்தில் வாசித்த கட்டுரை பிறகு கையெழுத்துப் படியாக ஒவ்வொருவரிடமும் போகும். அவரவர் தம் கருத்தை எழுதிச் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள்.

1783 டிசம்பர் 17 அன்று மன்னரின் மருத்துவரான மோஸன் இந்தச் சங்கத்தில் பேசினார். பிரெடரிக் மன்னர் அரியணை ஏறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மற்ற நாடுகளைவிட இங்கே சிந்திக்கவும் பேசவும் அச்சிடவும் அதிக இடம் இருந்தும் மக்களின் அறிவொளி ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது? தடைகளைக் கண்டுபிடிப்போம், முதலில் அறிவொளி என்றால் என்னவென்று வரையறுப்போம் என்றார்.

இந்த மெதுவான நகர்வுக்குப் பின்னணி உண்டு. 1780ஆம் ஆண்டுக்காக பெர்லின் அகாதெமி ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. மக்களை ஏமாற்றுவதால் அவர்களுக்கு நன்மை உண்டா என்பதுதான் தலைப்பு. அறிவியலுக்கும் தத்துவத்துக்கும் என்று அமைந்த ஒரு கழகம், மன்னரின் விருப்பப்படி, இதைப் பொதுவில் கேட்டது. உண்டு என்று வாதாடியவருக்கும் இல்லை என்று வாதாடியவருக்கும் பரிசைப் பாதியாகப் பகிர்ந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பெர்லினின் மனநிலைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒளி நல்லதுதான், ஆனால் கண் கூசிவிடுமோ என்ற கவலை ஆட்சியாளர்களை விடவேயில்லை. வேலைக்காரர்களும் குடியானவர்களும் எல்லாவற்றையும் கேள்வி கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதே அந்தக் கவலையின் அடி.

சங்கத்தின் கௌரவ உறுப்பினர்களில் ஒருவர் மோசஸ் மெண்டல்சோன். ஒளிக்கு எல்லை எது என்பது மற்றவர்களுக்கு விவாதப்பொருள். அவருக்கோ அன்றாட வாழ்க்கை.

1729இல் டெஸ்ஸாவ் நகரில் பிறந்த யூதர் அவர். தம் ஆசிரியர் டேவிட் ஃப்ரெங்கெல் ரபியாகப் பெர்லினுக்குப் போனதும், 1743இல், பதினான்கு வயதில் அவரைத் தேடித் தாமும் போனார். வெளியூர் யூதர்கள் நகருக்குள் நுழைய ரோஸென்டாலர் வாயில் என்ற ஒரு வழியே குறிக்கப்பட்டிருந்தது. பட்டுத் தொழில் செய்த ஐசக் பெர்ன்ஹார்டின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பிறகு அவருடைய பட்டாலையில் கணக்கெழுதினார். பின்னாளில் பங்குதாரரும் ஆனார். ஜெர்மனும் லத்தீனும் கணிதமும் தத்துவமும் பட்டுக் கணக்குக்கு நடுவே கற்றவை. 1763இல் அகாதெமி நடத்திய தத்துவக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு இவருக்கு. இரண்டாம் இடம் இம்மானுவேல் கான்ட் என்ற கோனிக்ஸ்பெர்க் ஆசிரியருக்கு.

அதே ஆண்டில்தான் பெர்லினில் தொடர்ந்து வாழும் உரிமை மெண்டல்சோனுக்குக் கிடைத்தது. ‘பாதுகாக்கப்பட்ட யூதர்’ என்பது அந்த அனுமதியின் பெயர். அது அவர் ஒருவருக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் செல்லாது. 1771இல் அகாதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது மன்னர் ஒப்புதல் தரவில்லை. ஐரோப்பாவே அறிவொளி மன்னர் என்று கொண்டாடிய பிரெடரிக்தான் அந்த மன்னர்.

நண்பர் லெஸ்ஸிங் 1779இல் ‘ஞானி நாத்தான்’ நாடகத்தை எழுதினார். மூன்று சமயத்தவரையும் ஒரே குடும்பமாகக் காட்டும் அதன் நாயகனான யூத வணிகர் மெண்டல்சோனை மனத்தில் வைத்துப் படைக்கப்பட்டவர். நாடகம் வெளிவந்த மறு ஆண்டு மெண்டல்சோன் எழுதிய ஒரு கடிதம் மனத்தைப் பிசைகிறது. மாலையில் மனைவி மக்களோடு காற்றாட நடந்தால் தெருப் பையன்கள் பின்னால் கத்திக்கொண்டு கல்லெறிகிறார்கள்; அப்பா, அவர்கள் ஏன் நம்மைத் துரத்துகிறார்கள், நாம் என்ன செய்தோம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சகிப்புத்தன்மைக்குப் பேர்போன நாடு என்கிறார்களே, அங்கேதான் இப்படி என்று வேதனைப்படுகிறார்.

இப்படி வாழ்ந்தவர் ஸோல்னரின் கேள்விக்கு 1784 செப்டம்பர் இதழில் பதில் எழுதினார். அறிவொளி, பண்பாடு, கல்விப் பயிற்சி போன்ற சொற்கள் நம் மொழிக்குப் புதியவை, இன்னும் புத்தகத்தை விட்டு இறங்கவில்லை, சாதாரண மக்களுக்கு இவை அநேகமாகப் புரிவதில்லை என்று தொடங்குகிறார். அவர் பார்வையில் பண்பாடு என்பது பழக்கத்தையும் கைத்திறனையும் சார்ந்தது. அறிவொளி என்பது சிந்தனையைச் சார்ந்தது. மனிதன் என்ற முறையில் ஒருவனுக்கு வேண்டிய ஒளியும், குடிமகன் என்ற முறையில் அவனுக்கு வேண்டிய ஒளியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இரண்டும் மோதும் நாட்டின் நிலை இரங்கத்தக்கது. அங்கே தத்துவம் வாய்பொத்தி நிற்க நேரிடலாம் என்கிறார். ரோஸென்டாலர் வாயில் வழியாக ஊருக்குள் வந்தவர் எழுதியது என்று தெரிந்து படித்தால் இந்த வரியின் கனம் கூடுகிறது. மனிதனாக அவருக்கு எல்லாம் இருந்தது. குடிமகனாக எதுவும் இல்லை.

கான்ட்டின் பதில் டிசம்பர் இதழில் வந்தது. பதினான்கே பக்கம். பட்டம் வாங்கும் மாணவர்கள் உலகெங்கும் இன்று படிப்பது இதைத்தான். அப்போது அவருக்கு 60 வயது. மெண்டல்சோனின் கட்டுரை கோனிக்ஸ்பெர்க்குக்கு வந்து சேருவதற்குள் இதை முடித்துவிட்டார். அது கையில் கிடைத்திருந்தால் இதை அனுப்பியிருக்கமாட்டேன் என்று அவரும் ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்.

கான்ட் கையில் எடுத்தது நீதிமன்றச் சொல். வயதுக்கு வராதவர் சார்பில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும்; நம் வழக்கில் மைனர், கார்டியன் என்கிறோமே, அதே உறவு. வயது வந்த பிறகும் மனிதர்கள் மைனராகவே இருந்துவிடுகிறார்கள், அறிவு குறைந்ததால் அல்ல, துணிவு குறைந்ததால். அந்த நிலையிலிருந்து வெளியேறுவதே அறிவொளி என்பது அவர் விளக்கம். எனக்காகப் புத்தகம் யோசிக்கிறது, போதகர் மனசாட்சியைப் பார்த்துக்கொள்கிறார், மருத்துவர் பத்தியம் சொல்கிறார், நான் ஏன் சிரமப்பட வேண்டும் என்ற சோம்பலை அவர் நெருக்கமாகப் படம்பிடிக்கிறார்.

பிறகு வருகிறது அந்தப் புகழ்பெற்ற பிரிவினை. பதவியில் இருக்கும்போது அதிகாரியும் போதகரும் இட்ட வேலையைச் செய்யத்தான் வேண்டும். அதே மனிதர் எழுத்தாளராக வாசக உலகத்தின் முன் நிற்கும்போது எதையும் விமர்சிக்கலாம்; அந்தச் சுதந்திரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. வரி கட்டு, ஆனால் வரி அநியாயம் என்றால் எழுது. சங்கத்தில் கூடிய அரசு ஊழியர்களுக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு வேறில்லை. இதை அனுமதித்த பிரெடரிக்கின் பெயரால் இந்த நூற்றாண்டையே அழைக்கலாம் என்றும் கான்ட் எழுதினார்.

இதை முதலில் உரித்துப் பார்த்தவர் அதே கோனிக்ஸ்பெர்க்கில், சுங்கக் கிடங்கில் வேலை பார்த்த ஹாமன். கான்ட்டின் நண்பர். டிசம்பர் 18 தேதியிட்ட ஒரு கடிதத்தில் கொதித்திருக்கிறார். குற்றத்தை ஏன் மைனர் தலையில் சுமத்துகிறீர்கள், கார்டியனைப் பற்றி ஏன் பேசவில்லை என்பது அவருடைய கேள்வி. வீட்டில் அடிமைச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டியவனுக்கு வெளியே உடுத்தும் சுதந்திர அங்கியால் என்ன பயன்? மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பனான அவர், பெண்களைப் பற்றிக் கான்ட் போகிறபோக்கில் சொன்னதையும் ஏற்கவில்லை. கான்ட்டின் கட்டுரை பெற்ற புகழில் இந்தக் கடிதம் மறைந்துபோனது நியாயமில்லை. வெளியிடுவதற்காக எழுதாத அந்தத் தாளில் இருப்பது, கட்டளையிடும் கையை நேராகப் பார்த்துக் கேட்ட கேள்வி.

காலம் ஹாமன் பக்கம் சாய வெகுநாள் ஆகவில்லை. 1786 ஜனவரி 4 அன்று மெண்டல்சோன் இறந்தார். ஆகஸ்ட் 17 அன்று பிரெடரிக். புதிய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வில்லியம், வோல்னரை அமைச்சராக்கினார். 1788 ஜூலை 9இல் வந்த சமய ஆணை, அறிவொளி என்ற பெயரைச் சொல்லிப் போதகர்கள் பிழைகளைப் பரப்பக்கூடாது என்று அந்தச் சொல்லையே சுட்டித் தடுத்தது. டிசம்பரில் தணிக்கை ஆணை. சில ஆண்டுகளில் மாத இதழ் அச்சடிப்பதையே பிரஷ்யாவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று.

சமயம் பற்றிய கான்ட்டின் கட்டுரைத் தொடரில் இரண்டாவதைத் தணிக்கை நிறுத்தியது. 1793இல் அவர் எல்லாவற்றையும் நூலாக்கி வெளியிட்டார். 1794 அக்டோபர் 1 தேதியிட்டு மன்னர் பெயரால் ஒரு கடிதம் வந்தது: இனி இப்படி எழுதினால் விரும்பத்தகாத விளைவுகள் உண்டு. சமயம் பற்றி இனிப் பேசுவதோ எழுதுவதோ இல்லை என்று, மன்னரின் விசுவாசமுள்ள குடியாகக் கான்ட் வாக்குக் கொடுத்தார். மன்னர் 1797இல் இறந்ததும் அந்த வாக்கு முடிந்ததாகக் கொண்டு, அடுத்த ஆண்டு வெளிவந்த நூலின் முன்னுரையில் இரண்டு கடிதங்களையும் அப்படியே அச்சிட்டார். அந்த 1798இலேயே ரகசியச் சங்கங்களுக்கு எதிரான ஆணை வர, புதன்கிழமைச் சங்கம் கலைந்தது.

மெண்டல்சோனின் குடும்பக் கதை வேறு வழியில் போனது. வாழும் உரிமையைப் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கக் கேட்டபோது பிரெடரிக் மறுத்திருந்தார். 1787இல் அதை மெண்டல்சோனின் விதவை ஃப்ரோமெட்டுக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கியவர், மறு ஆண்டே சமய ஆணையில் கையெழுத்திட்ட அதே மன்னர்; கணவரின் சிறப்பை மதித்து அளிப்பதாகச் சொன்னார். பிரஷ்ய யூதர்கள் எல்லோரும் குடிமக்கள் என்ற ஆணை 1812 மார்ச்சில் வந்தது. கல்வி நிலையங்களிலும் நகராட்சிகளிலும் அவர்கள் பதவி ஏற்கலாம் என்றது அது. மற்ற அரசுப் பதவிகளுக்கு வரலாமா என்ற கேள்வியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது.