முகத்துவாரம் போன ஞாயிறுகள்

ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்ற துறைமுக ஊரில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் படங்கள் அனுப்பியிருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஞாயிறு ராத்திரிதான் வீடு திரும்புவானாம். அவர்கள் போவது கடலை ஒட்டியே சுமார் 240 கிலோமீட்டர் ஓடும் சாலையில். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை பாறையை வெட்டிப் போட்டது. படங்களுக்குக் கீழே ஒரு கேள்வி: “மாமா, நீங்களும் அம்மாவும் சின்ன வயசுல லீவு நாள்ல எங்க போவீங்க? நம்ம பக்கம் என்ன இருந்துச்சு?”

நம்ம பக்கம் என்றால் திருவொற்றியூர். இந்தக் கேள்வியை அவன் மட்டும் கேட்கவில்லை. கன்டெய்னர் லாரி, ஆலைப் புகை, கருவாட்டு வாடை என்று மூன்று வார்த்தையில் வடசென்னையை முடித்துவிடுகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பதில் போட எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவோம். நைனாவுக்கு விம்கோ தீப்பெட்டி ஆலையில் வேலை. ஞாயிறு காலையில் சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைப்பார். அக்கா பின்னால் கேரியரில். அம்மாவும் ஆயாவும் பஸ்ஸில் வந்து சேருவார்கள். எர்ணாவூர், கத்திவாக்கம் தாண்டி தாழங்குப்பம் வரும்போதே காற்று மாறிவிடும். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம் அது. ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் அசையாத கழித் தண்ணீர். 1970இல் ஓடத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி அப்போது புதுசு. அதைப் பார்த்துதான் இன்னும் எவ்வளவு தூரம் என்று நான் கணக்குப் போடுவேன்.

கழியில் இருளர் பெண்கள் எறா பிடிப்பார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். விரலில் எறா பட்டதும் நசுங்காமல் பிடித்து, தலையைத் திருப்பாமலே வாயில் தொங்கும் பறிக்குள் போடுவார்கள். அந்தக் கை எப்படிச் சேற்றுக்குள் பார்க்கிறது என்று நான் கரையில் குத்தவைத்து மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அம்மா ஒரு படி எறா வாங்குவாள். மூன்று கல் கூட்டி, சவுக்கு மிலாறு பற்றவைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளும் பூண்டும் போட்டுச் சுண்ட வைப்பாள். பித்தளைத் தூக்கில் புளிச்சோறு இருக்கும். அந்தச் சுவைக்கு ஈடாக இதுவரை நான் எதையும் சாப்பிட்டதில்லை.

இந்த இடத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் என்று நினைத்திருந்தேன். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, கும்பினி காலத்திலேயே சென்னை வெள்ளைக்காரர்கள் எண்ணூர்க் கழியோரம் பங்களா கட்டிக்கொண்டு படகு விடவும் மீன் பிடிக்கவும் வந்து போயிருக்கிறார்கள். கோட்டைக்கும் கச்சேரிக்கும் விடுமுறை என்றால் எண்ணூர்க் காற்று. வருவதற்கு வழியும் நீர்வழிதான். 1806இல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், பிறகு தெற்கும் வடக்கும் நீண்டு, 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழை ஜனங்களின் கையால் இணைக்கப்பட்டு, கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் அதில் போய்வந்ததை ஆயா நேரில் பார்த்தவள். 1960களின் புயல்களுக்குப் பிறகு அந்தப் போக்குவரத்து படுத்துவிட்டது.

எங்கள் திருவொற்றியூருக்கு வெள்ளைக்காரனுக்கும் முன்னாடியே வந்தவர்கள் உண்டு. அவர்கள் சாமி கும்பிட வந்தவர்கள். பேய்க்கரும்பின் நுனி தித்தித்த இடம் என்று பட்டினத்தார் தங்கிவிட்ட கடற்கரை இது. பிற்பாடு வெள்ளைக்காரன் காலத்தில், ஏழுகிணற்றில் குடியிருந்த வள்ளலாரும் எங்கள் ஊர்க் கோயில் தியாகராசரையும் வடிவுடையம்மனையும் பார்க்க நடந்தே வந்துகொண்டிருந்தார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் அதே கோயில் ஆதிபுரீசுவரருக்குக் கவசம் திறப்பார்கள். அந்த மூன்று நாளும் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் விருந்தாளி.

குடும்பத்தோடு வண்டி கட்டிப் போகிற பயணம் என்றால், இன்றைக்கும் என் கணக்கில் முதல் இடம் மூன்று அம்மன் பயணத்துக்குத்தான். வெள்ளியும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில், காலையில் மீஞ்சூர் பக்கம் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன். ஒரே நாளில் மூன்றும் முடிக்க வேண்டும். தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து மெட்டடார் வேன் பேசுவார்கள். பெண்களுக்கு அது வேண்டுதல் மட்டுமில்லை. சமையல்கட்டை விட்டு ஒரு நாள் முழுக்க வெளியே இருக்கக் கிடைத்த நாள். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த வேனில்தான்.

பயணம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே எங்கள் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டது. 1856 ஜூலை 1, இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு. தூண் வரிசையோடு அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை ஒன்றுசேர்த்து வெளியே அனுப்பியது. 1955இல் அதுவே அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே சமயத்தில் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாராகத் தொடங்கியது. லடாக் வரை புல்லட்டில் போய்வந்ததைப் பெருமையாகச் சொல்லும் பையன்களைப் பார்க்கிறேன். இங்கே தயாரான அந்த வண்டியின் டுப் டுப் சத்தத்தை முதலில் கேட்டது எங்கள் தெருக்கள்தான் என்று அவர்களிடம் சொல்ல ஆசையாக இருக்கும். நாடே ஊர் சுற்ற வண்டி செய்துகொடுத்த ஊர் இது.

ஆனால் ஊர் சுற்ற எங்களுக்கு இருந்த கரைதான் போய்விட்டது. இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆயா இராயபுரத்தில் பிறந்தவள். சின்ன வயசில் கடலைத் தொட மணலில் கால் சுடச் சுட ஓட வேண்டும் என்பாள். நான் பார்த்த இராயபுரத்தில் சாலை, அதை ஒட்டிப் பாறைக் குவியல், அதற்கு அப்பால் கடல். நடுவில் இருந்த மணல் எங்கே போயிற்று?

வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் நம் கடற்கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1876இல் சென்னைத் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். சுவரில் முட்டிய மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து அகலமானதுதான் மெரினா. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு அதற்கு அந்தப் பெயரை வைத்தார். சுவருக்கு வடக்கே மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. வந்த அலை இராயபுரத்தையும் காசிமேட்டையும் திருவொற்றியூரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. குப்பங்களில் வரிசை வரிசையாக வீடுகள் கடலுக்குள் போயின. பிறகு தடுக்கப் பாறை கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. காணும் பொங்கலுக்கு எங்கள் ஜனம் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறி மெரினாவுக்குப் போகிறது. அங்கே பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிற மணல் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய மணல்.

எண்ணூர்க் கழியின் கதை இதைவிட வேதனை. அனல்மின் சாம்பல் படிந்து படிந்து, நான் நீந்திய இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயைப் பையன்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கழிக்குள்ளேயே வந்தது. அப்போது போயிருந்தேன். கண்டல் செடிகளின் தண்டில் ஆள் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மீன்பிடிப் படகுகளின் ஓரமெல்லாம் தார் பூசினதுபோல. கழியை நம்பிப் பிழைக்கிறவர்களிடம் ஆறுதலாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஜீலாங்கிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உண்டு, கார் ஆலையும் இருந்தது என்று அக்கா மகன் சொல்கிறான். ஆனாலும் ஊர்க்காரர்கள் குளிக்கிற கடற்கரை அவர்களுக்கு இருக்கிறது. தொழிற்சாலை வந்த ஊருக்குக் கரை கிடையாது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. எங்களிடம் மட்டும் ஏன் அப்படிச் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்?

பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வருகிறானாம். மெரினா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலை கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்கிறதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். ஏரியில் பூநாரை வந்திருக்கும். திரும்பும்போது எண்ணூரில் இறங்கி, வெயில் சாயும் முன்பு முகத்துவாரம். இருளர் பெண்கள் பறியோடு இப்போதும் இறங்குகிறார்கள், போன வாரம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அம்மாவின் பித்தளைத் தூக்கு பரணில் பச்சை பூத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து, ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன்.