வாயுவின் நிறையிலிருந்து கன அளவு காணல்

ஒரு வாயுவின் நிறை தெரிந்தால், அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்கிடும் முறை. வாயுவின் நிறை எங்கே கொண்டுபோனாலும் மாறாது. கன அளவோ சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தக்கபடி மாறும். அவ்விரண்டையும் குறிப்பிடாமல் ‘இத்தனை லிட்டர்’ என்றால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

நிறையை மோலார் நிறையால் வகுக்க மோல் எண்ணிக்கை கிடைக்கும். அதை வாயு மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி, அழுத்தத்தால் வகுத்தால் கன அளவு. லிட்டர், வளிமண்டல அழுத்தம் ஆகிய அலகுகளில் மாறிலியின் மதிப்பு 0.0821. சம வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளும் சம எண்ணிக்கையில் இருக்கும் என்று 1811இல் அவகாட்ரோ சொன்னதே இதற்கு அடிப்படை. ஒரு மோல் வாயு 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 22.4 லிட்டர். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்த எண்ணைக் காரைக்குடிக் கோடையில் அப்படியே போடக் கூடாது. அதே அழுத்தத்தில், 38 டிகிரியில் அது 25.5 லிட்டர்.

அரியக்குடி நகரத்தார் வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்களே இதற்கு நல்ல பாடம். சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ, இரண்டிலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். அதில் 100 கிலோவைக் காளவாயில் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். அது 1,000 மோல். காளவாயின் 900 டிகிரிச் சூட்டில் 96 கன மீட்டராக இருக்கும் வாயு, 38 டிகிரி வெளிக்காற்றில் கலக்கும்போது 25.5 கன மீட்டராகச் சுருங்குகிறது.

சுண்ணாம்பை நீற்றி, அரைத்துப் பூசியபின் சுவர் அதே 44 கிலோவைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டுதான் மறுபடி கல்லாகிறது. இந்த வீடுகள் எழும்பிய சுமார் 1900ஆம் ஆண்டுக் காலத்தில், காற்றில் பத்தாயிரம் பங்குக்கு மூன்று பங்கே கரியமில வாயு. ஆக, 85,000 கன மீட்டர் காற்றிலுள்ள கரியமில வாயு முழுவதும் அந்தப் பூச்சுக்குள் போயாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு இறுக நாளாவது ஏன் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் காட்டாது. கொத்தனார்கள் அவசரப்படாமல் காத்திருந்தது சரியான அறிவு.

பக்கத்தில் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (ஊர்வாயில் ‘சிக்ரி’) இருக்கிறது. மின்வேதியியலில் நிறையே மின்னோட்டத்திலிருந்தும் அது ஓடிய நேரத்திலிருந்தும் கிடைத்துவிடும்: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 26,600 ஆம்பியர்-மணி. அந்த ஒரு கிலோ 38 டிகிரியில் ஏறத்தாழ 12,700 லிட்டர். நீரின் மேல் சேகரித்தால் நீராவியும் கலந்திருக்கும். 38 டிகிரியில், 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நீராவியின் பங்கு 50 மில்லிமீட்டர். மொத்த அழுத்தத்திலிருந்து அதைக் கழிக்க மறந்தால் கணக்கு ஏழு சதவீதம் பிசகும்.

திரவமாகும் நிலையை நெருங்கும் வாயுவுக்கு இந்தச் சமன்பாடு சரிவராது. சமையல் எரிவாயு உருளையில் இருக்கும் 14.2 கிலோவில் பெரும்பகுதி திரவம். அதை முழுக்கப் பியூட்டேன் என்று கொண்டால், வெளியே வந்து வாயுவாகும்போது 38 டிகிரியில் ஏறக்குறைய 6,200 லிட்டர். புரொப்பேன் கலந்திருப்பதால் இன்னும் கூடும். உள்ளேயோ அது முப்பது லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எரிவாயு உருளையை லிட்டரில் அளக்காமல் எடை போட்டு விற்பது இதனால்தான்.