மெட்டு பிழைத்தது, மொழி போனது

ஒரு மொழியைப் பேச ஆளில்லாமல் போன பிறகும் அந்த மொழியின் பாட்டு பிழைத்திருக்குமா? இருக்கும். அதற்குச் சாட்சி தேடி ரோம் வரை போக வேண்டாம், நம் மேற்கு எல்லையே போதும். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று ஊர்ப் பெயரிலேயே மெட்டு இருக்கிற மலைப்பக்கம் அது. (அந்த மெட்டு மலைமேடு. நான் சொல்லப் போவது பாட்டு மெட்டு!)

முதலில் என் ஜாதகம். அப்பா வழி பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, அம்மா வழி இடுக்கி வண்டிப்பெரியாறு எஸ்டேட். இரண்டும் கேரளா, இரண்டு வீட்டிலும் தமிழ், இரண்டு ஊரிலும் லத்தீன் ரீதிக் கோயில். 2013-ல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தனியாக அமையும் வரை எங்கள் கிழக்குப் பாலக்காட்டுத் தமிழ்ப் பங்குகள் கோயமுத்தூர் ஆயரின் கீழ்தான் இருந்தன. நான் பதினாறு வருஷமாக டல்லாஸ் பக்கம் பொட்டி தட்டிக் கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதே மலைப்பக்கத்தில் பக்கத்து வீட்டு மலையாளிகள் பலர் சீரோ மலபார் சபையினர். அவர்களுடைய வழிபாட்டு மொழி பல நூற்றாண்டுகளாகச் சுரியானி. இயேசு பேசிய அரமேயத்தின் ஒரு கிளை அது. 1599-ல் உதயம்பேரூர் சங்கத்தில் போர்த்துக்கீசியர்கள் எத்தனையோ விஷயங்களை மாற்றினார்கள், ஆனால் வழிபாட்டில் சுரியானி தப்பியது. 1962 ஜூலை 3 அன்றுதான் குர்பானா மலையாளத்துக்கு வந்தது. ஒரு தலைமுறைக்குள் சுரியானி தெரிந்தவர்கள் அருகிப் போனார்கள்.

ஆனால் பாட்டு போகவில்லை. காரணம், ஆபேல் அச்சன் (1920-2001). கொச்சியில் கலாபவனைத் தொடங்கியவர் என்றால் பலருக்குத் தெரியும். மலையாளத்தில் வழிபாட்டுப் பாடல்கள் எழுதியபோது, பல இடங்களில் அவர் பழைய சுரியானி மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன் அளவுக்கு மலையாளச் சொற்களை அமைத்தார். பழகிய காதுக்குப் பாட்டு மாறவில்லை, நாக்குக்கு மட்டும் மொழி மாறியது. 'லாகு மாறா' என்ற துதிப்பாடலை நான்காம் நூற்றாண்டில் பாரசீகத்து ஆயர் சைமன் பர் சப்பாயே இயற்றியதாக மரபு. மலையாளக் குர்பானாவிலும் அதற்கு அதே இடம்தான்.

பழையதைத் திரும்பத் தேடியவர்களும் உண்டு. ஜோசப் பாலக்கல் என்ற பாதிரியார், இசை ஆய்வாளர், சுரியானிப் பாடல்களை ஊர் ஊராகப் பதிவு செய்தார். 2002-ல் 'கம்பேல் மாறான்' என்ற ஒலித்தட்டு நெதர்லாந்தில் வெளியானது.

எங்கள் லத்தீன் ரீதிக் கதை வேறு மாதிரி. கிரகோரியன் கானம் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பிராங்கியர்களின் நாட்டில் உருப்பெற்றது. பெயர் மட்டும் அதற்கு முந்தைய போப் கிரகோரியுடையது. பக்கவாத்தியம் கிடையாது, எல்லோரும் ஒரே சுரத்தில் பாடுவது. 1903-ல் பத்தாம் பத்திநாதர் இதுவே கோயில் இசைக்கு முன்மாதிரி என்று எழுதினார். ஐரோப்பாவில் புதிய இசையமைப்பாளர்களும் இதில் கை வைத்தார்கள். 1947-ல் பிரான்சின் மோரிஸ் துருஃப்ளே, இறந்தோர் பூசையின் பழைய கிரகோரியன் மெட்டுகளை எடுத்து, பல குரல் பாடகர் குழுவுக்கும் இசைக்குழுவுக்குமாக ஒரு 'ரெக்வியம்' எழுதினார். கேட்டுப் பாருங்கள், பழைய மெட்டு உள்ளே ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு கிரகோரியன் கானத்துக்கு முதலிடம் என்றது. அதே ஏடு தாய்மொழிக்கும் கதவைத் திறந்தது. நம்மூரில் இரண்டாவதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். ஆர்மோனியம், தபேலா, பிறகு கீபோர்டு என்று புதுப்பாட்டுகள் வந்தன. 1898-ல் தொடங்கிய மூணாறு கார்மேல் மாதா கோயிலிலும் சரி, எங்கள் ஊரிலும் சரி, தமிழ்ப் பூசைதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. லத்தீன் பூசை காலத்து ஆளான என் அம்மாச்சி, "சாமியார் அவர் பாட்டுக்குப் படிப்பார், நாங்க எங்க பாட்டுக்குச் செபமாலை சொல்லுவோம்" என்பார். மொழி புரிந்ததில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை நேரில் பார்த்தவன் நான்.

இருந்தும் ஒன்று தங்கியது. நற்கருணை ஆசீரில் நாம் பாடும் 'மாண்புயர்' பாட்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் எழுதிய பாட்டின் கடைசி இரண்டு பத்திகள். லத்தீன் பாட்டின் மெட்டுக்குள் அடங்கும்படி தமிழ் வரிகளை அளந்து வைத்திருக்கிறார்கள். அம்மாச்சிக்கு லத்தீனிலும் தெரியும், தமிழிலும் தெரியும். எனக்குத் தமிழில் தெரியும்.

ஏன் அது தங்கியது, மற்றவை போயின? அதைக் கூட்டம் பாடியது. பயிற்சி பெற்ற குழு மட்டும் பாடிய நீண்ட கானங்கள் குழுவோடு போய்விட்டன.

பாலக்காட்டிலேயே இன்னொரு உதாரணம் தருகிறேன். ஜயதேவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கீத கோவிந்தத்தில் 24 அஷ்டபதிகள். கேரளக் கோயில்களில் சன்னதிப் படியருகே இடைக்காவோடு ஒருவர் நின்று பாடுவார், அது சோபானம். அதே அஷ்டபதியைக் கல்பாத்தி போன்ற அக்ரஹாரங்களின் பஜனையில் பாகவதர் பாட, கூட்டம் திருப்பிப் பாடும். சொல் ஒன்று, பாடும் முறை இரண்டு. வேலை தேடிப் பாலக்காட்டுக்காரர்கள் பம்பாய் மாதுங்காவுக்குப் போனபோது எது அவர்கள் கூடவே ரயிலேறியது? பஜனைதான்! இடைக்காவும் சன்னதியும் பரம்பரைப் பாடகரும் வேண்டிய சோபானத்தை அப்படிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது. திருப்பிப் பாட நாலு பேர் இருந்தால் பஜனை நடக்கும்.

போன வருஷம் அலுவலக நண்பர் ஒருவர் தன் மகளின் முதல் நற்கருணைக்கு அழைத்திருந்தார். மலையாளமும் ஆங்கிலமும் கலந்த குர்பானா. நடுவில் பாடகர் குழு ஒரு சுரியானிப் பாட்டை எடுத்தது. கீபோர்டு, நாலு குரல் இசைவு எல்லாம் புதுசு, மெட்டு மட்டும் பழசு. பத்து வயசுப் பிள்ளைகள் தங்கள் பங்கு வரும்போது கரெக்டாகப் பதில் பாடினார்கள். என் பக்கத்தில் கட்டப்பனையிலிருந்து மகனைப் பார்க்க வந்த பெரியவர் கண்ணை மூடிக் கூடவே பாடினார். "இது எங்க சின்ன வயசுப் பாட்டு மோனே" என்றார். அர்த்தம் கேட்டேன். பாதிதான் தெரியும் என்றார். பேரப்பிள்ளைக்கு அதுவும் தெரியாது. ஆனால் இருவரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அர்த்தம் தெரியாமல் பாடுவது போதும் என்று நான் சொல்லவில்லை. அம்மாச்சியின் சந்தோஷத்தைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் மெட்டு இருந்தால் அர்த்தத்தைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம். மெட்டு போய்விட்டால் காகிதத்தில் அர்த்தம் மட்டும் கிடக்கும்.

நாம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டு சி.டி. வாங்கிக் கொடுத்தோம், பிறகு யூடியூப் போட்டுக் காட்டினோம். அது கேட்கும் பாட்டு. சுரியானியும் 'மாண்புயரும்' பஜனையும் தங்கியது கேட்டதால் அல்ல, பதில் பாடியதால். தேவாரமோ, திருப்புகழோ, மாதா பாட்டோ, உங்கள் வீட்டில் எது உண்டோ அது. இந்த வார இறுதியில் காரில் போகும்போது ஒரு வரி நீங்கள், மறு வரி பிள்ளைகள். உச்சரிப்பு கொஞ்சம் உதைக்கும். உதைக்கட்டும், முதலில் பதில் வரட்டும்.