புண்படும் மனமும் பொதுச் சட்டமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலில் வாழும் நமக்கு, அபிராமியம்மன் கோவில் மணியோசையும், புனித வளனார் பேராலயத்து மணியோசையும், பேகம்பூர்ப் பள்ளிவாசலின் பாங்கொலியும் பழகிப்போனவை. இத்தகைய ஊரில் பிறர் மதத்தைப் பற்றி எதுவரை பேசலாம், எங்கே நா அடங்க வேண்டும் என்னும் வினா, ஏட்டோடு நின்றுவிடும் வினா அன்று. கடைவீதியிலும் பள்ளிக்கூடத்திலும் நாள்தோறும் எழும் வினாவாகும். இதற்கு நம் நாட்டுச் சட்டம் விடை கண்ட வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

ஆங்கிலேயர் தம் சொந்த நாட்டில் வைத்திருந்த தெய்வ நிந்தனைச் சட்டம் கிறிஸ்தவ மார்க்கத்திற்கு மட்டுமே காவலாக நின்றது. ஆனால் இந்தியாவிற்கென மெக்காலே வரைந்து 1860-இல் நிறைவேறிய தண்டனைச் சட்டமோ, எம்மதத்தின் உண்மையையும் ஆராயப் புகாமல், எல்லா மதத்தாரின் வழிபாட்டிடங்களுக்கும் ஒரே வகையான பாதுகாப்பைத் தந்தது. 1898-இல் வகுப்புகளுக்கிடையே பகைமை மூட்டுதலைக் குற்றமாக்கும் 153-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. எனினும் அச்சிட்ட எழுத்தால் ஒரு மதத்தையே இழிவுபடுத்துவதைத் தடுக்கத் தனிப் பிரிவு எதுவும் இருக்கவில்லை.

அந்தக் குறை 1924-இல் லாகூரில் வெளிப்பட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லற வாழ்வை இழித்துரைத்து ஒரு சிறுநூல் வெளிவந்தது. அதன் பெயரை எழுதவும் நம் பேனா கூசுகிறது. அதை வெளியிட்ட ராஜ்பாலைக் கீழ்நீதிமன்றம் 153-ஏ பிரிவின்கீழ் தண்டித்தது. 1927-இல் லாகூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி தலீப் சிங் அவரை விடுதலை செய்தார். நூலின் விஷமத்தை அந்நீதிபதி மறுக்கவில்லை. மறைந்த மதத் தலைவர் ஒருவரைத் தாக்கி எழுதுவது அப்பிரிவின் சொற்களுக்குள் அடங்காது என்பதே அவர் கண்ட முடிவு. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டில் மத்திய சட்டசபை 295-ஏ பிரிவை இயற்றியது.

இவ்விடத்தில் வாசக அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மசோதா விவாதிக்கப்பட்டபோது முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய ஜின்னாவே, வரலாற்றை ஆராய்வோரையும், உண்மையைத் தேடுவோரையும், நேர்மையான நோக்குடன் விமர்சிப்போரையும் இச்சட்டம் தீண்டலாகாது என்று எச்சரித்தார். 'வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்' இழிவு செய்தால் மட்டுமே குற்றம் என்னும் வரம்பு சட்டத்தில் இடம் பெற்றது. 1957-இல் ராம்ஜிலால் மோடி வழக்கில் இப்பிரிவு அரசியல் சாசனத்திற்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றமும் அவ்வரம்பையே காரணமாகக் காட்டியது.

ஆயினும் சட்டம் வந்ததோடு கதை முடியவில்லை. 1929 ஏப்ரலில் ராஜ்பாலை இல்முத்தீன் என்னும் இளைஞர் குத்திக் கொன்றார். அதே ஆண்டு அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். ஓர் உயிர் கத்திக்கும் மற்றோர் உயிர் கயிற்றுக்கும் இரையாயின. தீர்ப்புச் சொல்வதும் தண்டிப்பதும் காஜியின் பொறுப்பேயன்றி, கொதிக்கும் தனிமனிதனின் உரிமை அன்று என்பதை நம் ஃபிக்ஹு நூல்களை ஓதியோர் அறிவர்.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். 1953 மே 27-இல் திருச்சியில் பெரியார் ஈ.வெ.ரா. பிள்ளையாரின் மண்ணுருவத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்னும் பக்தர் வழக்குத் தொடுத்தார். உடைக்கப்பட்டது கோவிலில் வைத்து வணங்கப்பட்ட சிலை அன்று என்ற போக்கில் கீழ்நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. சென்னை உயர்நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 1958-இல் உச்சநீதிமன்றம் அது பிழை என்றது. ஒரு பொருளின் விலை எவ்வளவு அற்பமாயினும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமென்று கருதினால் அது புனிதப் பொருளே. அந்நம்பிக்கையை நீதிபதி ஏற்கிறாரா என்பது கேள்வியன்று என விளக்கியது. ஆனால் ஐந்தாண்டுகள் கடந்துவிட்டமையால் வழக்கை மேலும் நடத்தப் பணிக்காமல் விட்டுவிட்டது.

இங்கே நாம் நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பெரியார் நம் மீலாது மேடைகளில் அன்புடன் வரவேற்கப்பட்டவர். லாகூர் நூலுக்காகக் கண்ணீர் வடித்த நாம், அந்தப் பக்தரின் மனப்புண்ணை அதே தராசில் நிறுத்தோமா? நம் மனம் நொந்தால் அது குற்றம், பிறர் மனம் நொந்தால் அது பேச்சுரிமை என்றால், அதற்கு நீதி என்று பெயராகாது.

ஐரோப்பாவும் இதே இடறலில் சிக்கித் தவிக்கிறது. சல்மான் ருஷ்தியின் நாவலுக்கு எதிராகப் பிரிட்டன் முஸ்லிம்கள் நீதிமன்றம் சென்றபோது, தெய்வ நிந்தனைச் சட்டம் கிறிஸ்தவத்திற்கே உரியது என்று 1990-இல் கூறப்பட்டது. இங்கிலாந்து 2008-இல் அச்சட்டத்தையே நீக்கியது. ஸ்வீடனில் ஓகே கிரீன் என்னும் கிறிஸ்தவப் போதகர், ஓரினச் சேர்க்கையைக் கண்டித்து 2003-இல் ஆற்றிய பிரசங்கத்திற்காக 2004-இல் ஒரு மாதச் சிறை விதிக்கப்பெற்றார். 2005-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. அங்கே வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் சட்டம் வேதம் போதிப்பவரையே கூண்டில் ஏற்றியது. நாளை நம் மிம்பரில் ஷிர்க்கைக் கண்டித்துப் பேசும் ஆலிமையும் அவ்வாறு நிறுத்த எவரேனும் முயலலாம். பிறர் வாயை அடைக்க நாம் கேட்கும் பூட்டு, நம் வாய்க்கும் பொருந்தும். பூட்டுக்குப் பேர்போன ஊரார்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1927-இல் பிறந்த 295-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவாக வாழ்கிறது. எண் மாறினும் 'வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்' என்னும் வரம்பு மாறவில்லை. அவ்வரம்பு தளர்ந்தால், முதலில் வருந்துவோர் சிறுபான்மையினராகவே இருப்பர்.

சட்டம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, அல்லாஹ்வையன்றிப் பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசாதீர்கள், ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவார்கள் என்னும் கருத்தில் திருமறையின் அன்ஆம் அத்தியாயம் 108-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிட்டுவிட்டது. கொள்கையை மறுத்துப் பேசு, ஆனால் வணங்குபவன் நெஞ்சில் குத்தாதே என்பதே அதன் சாரம். இந்த அதபை நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஓதிக்கொடுப்போமாக. வல்ல நாயன் நம் நாவைக் காத்தருள்வானாக! ஆமீன்.