களரியிலிருந்து வகுப்பறைக்கு: ஈழத்துத் தமிழ் அரங்கில் தயாரிப்புக் கல்வி வளர்ந்த வழி

இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றோடு ‘நாடகமும் அரங்கியலும்’ ஓர் அழகியற் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இதைத் தெரிவு செய்த மாணவர் க.பொ.த. உயர்தரம் வரை தொடரலாம். எழுத்துருத் தெரிவு, பாத்திரப் பங்கீடு, ஒத்திகை, ஆற்றுகை என ஒரு நாடகம் உருவாகும் படிமுறைகளையும், நெறியாளர், மேடை முகாமையாளர், ஒப்பனையாளர், ஒளியமைப்பாளர் என அதில் உழைப்போரின் பணிகளையும் அவர் படிக்கிறார். இந்த அறிவு வகுப்பறைக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்டால், மேற்கிலிருந்து பல்கலைக்கழகம் ஊடாக வந்தது என்பதே வழக்கமான விடை. அது பாதி உண்மை. பணிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பெயரிடும் முறை அவ்வழியில் வந்தது. படிமுறைகள் அவ்வாறு வரவில்லை. அவை மட்டக்களப்பில் கூத்தாடும் வெளிகளான களரிகளில் பெயரும் சடங்கும் பெற்று முன்னரே இருந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மட்டக்களப்புக் கிராமம் ஒன்று கூத்தாட முடிவு செய்தால் முதலில் கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரை நாடும். கூத்தின் இரு மோடிகளில் வடமோடியா தென்மோடியா, எந்தக் கதை, யாருக்கு எந்தப் பாத்திரம் என்பவை ஊர்ப் பெரியவர்களும் அண்ணாவியாரும் கூடித் தீர்மானிக்கும் விடயங்கள். உடல்வாகு, குரல், ஆட்டத்திறன் ஆகியவற்றைப் பார்த்தே பாத்திரம் ஒதுக்குவார்கள் என்றாலும், குடும்பச் செல்வாக்கும் சாதி நிலையும் அதில் தலையிட்டதை மறைக்க வேண்டியதில்லை. தெரிவானவரிடம் அவருக்குரிய பாடல்களும் வசனங்களும் எழுதிய பகுதியைக் கையளிப்பது ‘சட்டம் கொடுத்தல்’. அதன்பின் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம் நடக்கும். தாளக்கட்டைக் காதில் ஏற்றி, அதைக் காலில் இறக்கி, ஆட்டத்தோடு பாட்டைச் சேர்ப்பார்கள். ஆட்டம் ஓரளவு படிந்ததும் ‘சதங்கை அணிதல்’. முழுக்கூத்தையும் வரிசை குலையாமல் தொடக்கம் முதல் முடிவுவரை ஆடிச் சரிபார்ப்பது ‘அடுக்குப் பார்த்தல்’. அதற்கும் பிறகுதான் விடிய விடிய நடக்கும் அரங்கேற்றம்.

இந்த வரிசையை வெறும் சடங்காகக் கொள்வது ஆய்வாளர் பலரும் செய்யும் குறை என்று எண்ணுகிறேன். ஒவ்வொரு கட்டமும் ஊர் முன்னிலையில் நடக்கும் ஒரு தேர்வு. சதங்கை கட்டும் நாளில் யாருடைய கால் தாளத்தில் நிற்கவில்லை என்பது அங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் தெரிந்துவிடும். அடுக்குப் பார்க்கும்போது எந்த இடத்தில் கூத்துத் தளர்கிறது என்பதும் புலப்படும். அரங்கேற்றத்துக்கு வந்து அமரும் பார்வையாளர், அந்தக் கூத்து வளர்ந்த விதத்தையும் அறிந்தவராக இருக்கிறார். இன்றைய பாடத்திட்டம் தயாரிப்புப் படிமுறை என்று சொல்வதை அந்த ஊர் ஒரு பருவ வாழ்க்கையாகவே நடத்திக்கொண்டிருந்தது.

பணிகளின் நிலை வேறு. மத்தளம் வாசிப்பவர், ஆட்டம் பழக்குபவர், பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர், பிழை திருத்துபவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே அண்ணாவியார். ஏட்டைக் கையில் வைத்து வரியெடுத்துக் கொடுக்க ஏட்டண்ணாவியார் துணை நிற்பார். பிற்பாட்டுக்காரர்கள் உடன் நிற்பார்கள். வடமோடி அரசர் அணியும் பாரமான கரப்புடுப்பைச் செய்வதற்கும் கட்டிவிடுவதற்கும் ஊரில் கைதேர்ந்தவர்கள் இருப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அரங்கேற்ற இரவில் அண்ணாவியார் நிற்கும் இடம். அவர் களரியின் நடுவே, எல்லோர் கண்ணுக்கும் தெரிய, மத்தளத்தோடு நிற்கிறார். ஆட்டக்காரர் சோர்ந்தால் அவர் அடியை மாற்றித் தூக்கிவிடுகிறார். நவீன நெறியாளரின் வேலை திரை விலகுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அண்ணாவியாருக்கோ ஒத்திகையும் ஆற்றுகையும் ஒரே தொடர் வேலை. அவரிடம் பயில்பவனும் பணிகளைப் பிரித்துப் படிப்பதில்லை. ஆடி, பிற்பாட்டுப் பாடி, ஏடு பிடித்து, பல ஆண்டுகளில் அவனே அண்ணாவியாராக வளர்கிறான்.

நகரங்களில் நடந்தது வேறொரு கதை. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் தாக்கத்தால், படித்த உத்தியோகத்தர் நடிக்கும் சபாக்கள் இலங்கையிலும் தோன்றின. சம்பந்த முதலியாரைக் குருவாகப் போற்றிய கலையரசு சொர்ணலிங்கம் அவ்வழியின் முதன்மையானவர். எழுதிய வசனத்தைப் பிசகாமல் பேசுதல், ஒழுங்கான ஒத்திகை, காட்சித்திரை, கவனமான ஒப்பனை ஆகியவற்றை இந்த மரபு நிலைநிறுத்தியது. ஆனால் அது கற்பித்தது உறுப்பினருக்கே. மாணவர் என்ற தனித் தரப்பு அங்கே இன்னும் உருவாகவில்லை.

அந்தத் தரப்பு பல்கலைக்கழகத்தில் உருவானது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நாடகங்கள் எழுதி மாணவரை நடிக்கவைத்தார். 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகமாகிய ‘மனமே’யை அரங்கேற்றினார். கிராமிய ஆற்றுகை மரபிலிருந்து நவீன மேடைக்கு ஒரு நாடகம் எழ முடியும் என்பதற்கு அது கண்முன் சான்றாயிற்று. கணபதிப்பிள்ளையின் மாணவரான சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தின் பக்கம் திரும்பியதில் இதற்குப் பங்குண்டு. பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றை மேடையேற்றினார். ஆட்டம் பழக்க மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் வந்தார். ‘இராவணேசன்’ எழுத்துருவை எழுதி இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு.

என் கருத்தில் இந்த வரலாற்றின் திருப்புமுனை இங்கேதான் இருக்கிறது. விடிய விடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. நான்கு பக்கமும் பார்வையாளர் சூழ்ந்த வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. எந்தப் பாடலை நீக்குவது, ஆட்டக்காரர் மேடையின் எந்தப் புறமிருந்து வருவது, ஒளி எப்போது மாறுவது என்பவை புதிய முடிவுகள். இவற்றை எடுப்பது பழைய களரியில் யாருடைய வேலையுமாக இருந்ததில்லை. ஆகவே அண்ணாவியாரின் பணி இரண்டாகப் பிளந்தது. ஆட்டமும் தாளமும் அவரிடமே நின்றன. முழு ஆற்றுகையின் வடிவம் பற்றிய அதிகாரம் தயாரிப்பாளரான பேராசிரியரிடம் போயிற்று. இதை இழப்பென்று மட்டும் சொல்ல என்னால் முடியாது. எழுத்துரு, காட்சியமைப்பு, ஆட்டம் என்று தனித்தனியே நின்று யோசிக்கப் பழகிய மாணவர் தலைமுறை ஒன்று அங்கிருந்துதான் வந்தது. வித்தியானந்தன் அண்ணாவியார்களை ஒதுக்கியவருமல்லர். அவர்களுக்கென மாநாடுகள் கூட்டினார். பாடசாலைகளிடையே கூத்துப் போட்டிகள் நடக்க வழிசெய்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’ உள்ளிட்ட பிரதிகளைப் பதிப்பித்தார்.

பேராதனை மாணவர் ஆடக் கற்றனர். நாடகத்தைக் கற்பிக்கும் முறை ஒன்றை வகுத்தது யாழ்ப்பாணம். ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் 1970களின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமாப் பயிற்சி பெற்றார். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்பயிற்சி, குரற்பயிற்சி, அரங்க விளையாட்டு ஆகியவற்றிலிருந்து நடிகரை வளர்த்தெடுக்கும் களப்பயிற்சி முறை அங்கே வேரூன்றியது. அ. தாசீசியஸ் போன்ற நெறியாளர்கள் அதனோடு இணைந்து இயங்கினர். சிறுவருக்காக எழுதிய ‘கூடி விளையாடு பாப்பா’ இக்காலத்து ஆக்கமே. பாத்திரம் ஏற்பதற்கு முன் கூடி விளையாடப் பழக வேண்டும் என்ற எண்ணம் பாடசாலை அரங்குக்குப் பெரிய விடுதலையாக அமைந்தது. அதுவரை ஆசிரியர் வசனத்தைச் சொல்ல மாணவர் மனனம் செய்து ஒப்பிப்பதே பெருவழக்கு.

1985இல் சண்முகலிங்கம் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரின் ஆற்றுகையாக ஊர் ஊராகச் சென்றது. ஒரே மேடையில் நிலைத்து நிற்கும் நாடகத்துக்குத் தேவைப்படாத வேலைகள் பயண நாடகத்துக்கு உண்டு. களத்தைப் பார்த்து அமைப்பை மாற்றவும், கையிலுள்ள பொருளைக் கொண்டே காட்சியை உருவாக்கவும், கூட்டத்தைக் கவனித்துத் தொடங்கவும் தெரிந்திருக்க வேண்டும். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது. ஒளியமைப்பு பற்றிய பாடத்தை அங்கே கற்ற மாணவருக்கு மின்விளக்குகள் படத்தில் உள்ளவை. கையில் இருந்தது பெற்றோல்மாக்ஸ் விளக்கு. அந்த நெருக்கடியிலும் நாடகம் நின்றுவிடவில்லை என்பதை மரியாதையோடு பதிவு செய்கிறேன்.

பாடசாலைப் பாடமாக நாடகம் நிலைபெற்றதால் கிடைத்த நன்மை பெரிது. பட்டதாரி ஆசிரியர்கள் உருவாயினர், நூல்கள் எழுந்தன, பெற்றோர் நாடகத்தைப் படிப்பாக ஏற்றனர். கூத்தில் ஆண்களே பெண் வேடமிட்ட நாட்டில், மாணவியர் ஆடவும் நெறிப்படுத்தவும் வகுப்பறை இடமளித்தது. ஆனால் பரீட்சை பாடத்தை எழுத்தின் பக்கம் இழுக்கிறது. செயன்முறைப் பரீட்சை இருந்தாலும், மேடை முகாமையாளரின் கடமைகளை வரிசையாக எழுதத் தெரிந்த மாணவர் ஓர் ஒத்திகை அட்டவணையைக்கூடத் தயாரித்ததில்லை என்ற நிலை உருவாக முடிகிறது. படிமுறைகள் பட்டியலாகின்றன. பழைய களரியில் ஒவ்வொரு படிக்கும் காத்திருப்பும், சோதனையும், பார்க்க வந்த ஊரும் இருந்தன. ஒரு பாடவேளைக்குள் அடங்கும் ஒத்திகையில் இவற்றுக்கு இடமில்லை.

கிழக்கில் இந்தக் குறையை உணர்ந்த இரு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. 1990களில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்த மௌனகுரு, அண்ணாவியார்களை மாணவரின் ஆசான்களாகப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார். உலக நாடக தின விழாவை மாணவர் தாமே நாடகம் ஆக்கும் களமாக்கினார். ‘இராவணேசன்’ அங்கே புதிய தலைமுறையோடு மீண்டும் எழுந்தது. மற்றது சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம். மட்டக்களப்பின் சீலாமுனையில் 2000களின் தொடக்கத்தில் நடந்த அந்த வேலை, மாணவரை மேடைக்குக் கொண்டுபோகாமல் ஆய்வாளரைக் களரிக்குக் கொண்டுபோனது. பாத்திரப் பங்கீட்டில் சாதி என்ன செய்கிறது, பிரதியில் பெண் எவ்வாறு வருகிறாள் என்ற கேள்விகளை ஆடுவோரும் அண்ணாவியாரும் ஊராரும் சேர்ந்தே பேசினர். சட்டம் கொடுத்தலும் சதங்கை அணிதலும் அடுக்குப் பார்த்தலும் தம் இடத்திலேயே நின்றன. அவற்றுக்குள் விவாதம் என்ற புதிய வேலை சேர்ந்தது. பேராதனையில் பேராசிரியரிடம் போன வடிவ அதிகாரம், இங்கே தனி நெறியாளர் எவரிடமும் போகாமல் அந்தக் கூட்டத்தில் பகிரப்பட்டது. பாடத்திட்டத்தின் பணிப் பட்டியலில் இதற்கான இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.