இடுப்பில் ஒன்று, மடியில் ஒன்று: பேராக் தோட்டங்களில் சுழல் துப்பாக்கி



ரப்பர்த் தோட்டத்து வரலாறு என்றவுடன் நம் மனத்தில் தோன்றுபவை பால்வெட்டும் கத்தி, காண்டா வாளி, பெரட்டுக்களம், லயத்துக் கூரை ஆகியவையே. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவற்றுள் ஒன்றன்று. அது ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையுள்ள இரும்புக் கருவி. ஆறு தோட்டாக்கள் கொள்வது. தோட்டத்துப் பெரியவர்கள் அதைப் 'பிஸ்டல்' என்றே சொல்லி வந்தார்கள். சரியாகச் சொன்னால் அது ரிவால்வர், அதாவது சுழல் துப்பாக்கி. ஒரே கருவி துரையின் இடுப்பில் இருந்தபோது உத்தியோக அடையாளமாகவும், தொழிலாளியின் மடியில் இருந்தபோது தூக்குக்கயிறாகவும் ஆன ஒரு காலம் இந்த நாட்டில் இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமே அது.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். குண்டுகள் அடங்கிய ஓர் உருளை, விசையை இழுக்கும்தோறும் ஓர் அறை அளவுக்குச் சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துகிறது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836இல் தம் நாட்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். குழலின் உள்விட்டத்தை அங்குலக் கணக்கில் சொல்வது ஆங்கிலேயர் வழக்கம். அவர்களுடைய பேரரசுக் காலத்துப் புகழ்பெற்ற கருவி, பர்மிங்காம் நகரின் வெப்ளி நிறுவனம் செய்த 0.455 அங்குல ரிவால்வர். முதலாம் உலகப் போரின்போது, 1915இல், அதன் ஆறாம் வகை படைக்கு ஏற்கப்பட்டது. அதன் குண்டு ஏறக்குறைய 17 கிராம் எடையுள்ளது. வேகம் குறைவு, கனம் மிகுதி. பாய்ந்து வரும் மனிதனைச் சிறு குண்டு நிறுத்தாது, பெருங்குண்டுதான் நிறுத்தும் என்பது குடியேற்ற நாடுகளில் போரிட்ட அதிகாரிகளின் நம்பிக்கை. அக்காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் ரிவால்வரைச் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்வதே வழக்கமாக இருந்தது. ஆகவே அது படைக்கருவி மட்டுமன்று. கைக்கடிகாரத்தைப் போல ஒருவரின் சொந்தச் சொத்து.

ஆனால் பெரிய ரிவால்வரை வைத்திருப்பது வேறு, அதைச் சுட்டுக் குறி வீழ்த்துவது வேறு. சுத்தியலை முன்கூட்டி இழுத்து வைக்காமல் விசையை மட்டும் அழுத்தினால், அந்த ஒரே அழுத்தத்தில் உருளையும் சுழல வேண்டும், சுத்தியலும் பின்வாங்க வேண்டும். விரலுக்கு அது பாரமான வேலை. அழுத்தும்போதே குழல் நுனி விலகிவிடும். வெடித்தபின் கை மேலே எகிறும். நீண்ட பயிற்சி இல்லாதவருக்கு இருபது முப்பது அடிக்கு அப்பால் இது பெரும்பாலும் ஓசையே. இதைப் போரில் அனுபவித்து அறிந்துதான் பிரிட்டிஷ் படை பின்னர் 0.38 அங்குல ரிவால்வருக்கு இறங்கி வந்தது. விரைவில் பயிற்சி பெற்ற சிப்பாய் கையாளக்கூடிய எளிய கருவி அதற்குத் தேவைப்பட்டது. நம் திரைப்படங்களில் கதாநாயகர் ஆறு தோட்டா ரிவால்வரால் பதினைந்து முறை சுடுவதையும், ஓடுகிற குதிரையிலிருந்து சுட்டு எதிரியின் தொப்பியைப் பறக்க விடுவதையும் கண்டு மகிழலாம். அதை நம்பிவிடக் கூடாது.

இத்தகைய ஆயுதங்கள் மலாயாத் தோட்டங்களுக்கு எவ்வாறு வந்தன? ஒரு பகுதி, படையிலிருந்து விலகித் தோட்டத் தொழிலுக்கு வந்த ஆங்கிலேயர்களோடு வந்தது. பெரும்பகுதி போரோடு வந்தது. ஜப்பானியர் காலத்தில் பேராக் காடுகளில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை இயங்கியது. 'பிந்தாங் தீகா', மூன்று நட்சத்திரப் படை, என்று நம்மவர் அறிந்திருந்தது அதையே. பிரிட்டிஷாரின் 136ஆம் படைப்பிரிவு பீடோர் மலைப்பகுதியில் அதனோடு தொடர்புகொண்டது. போரின் கடைசி மாதங்களில் விமானங்கள் பாராசூட் வழியாக ஆயுதங்களை இறக்கின. 1945 டிசம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்த வீரர் ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி வழங்கப்பட்டது. ஒப்படைத்தவை போக, எண்ணெய் பூசி மண்ணில் புதைக்கப்பட்டவையும் இருந்தன. மூன்றாண்டுகள் கழித்து அவை மீண்டும் வெளியே வந்தன.

1948 ஜூன் 16, புதன்கிழமை. சுங்கை சிப்புட் வட்டாரத்திலுள்ள எல்பில் தோட்டத்தின் அலுவலகத்துக்குக் காலை எட்டரை மணியளவில் சைக்கிளில் மூன்று இளைஞர்கள் வந்தார்கள். 'தாபே, துவான்' என்று வணக்கம் சொன்னார்கள். அடுத்த நொடி, துரை ஆர்தர் வாக்கர் சுடப்பட்டு இறந்தார். இதன்பின் சிறிது நேரத்தில், சுமார் பத்து மைலுக்கு அப்பாலிருந்த ஃபின் சூன் தோட்டத்தில் ஜான் அல்லிசன் என்ற துரையும், இயன் கிறிஸ்டியன் என்ற சின்னத் துரையும் கட்டிவைத்துச் சுடப்பட்டார்கள். கிறிஸ்டியனுக்கு வயது 21. இருபத்தோரு வயதில் ஒருவன் எந்தக் கொள்கைக்கு விரோதியாக வளர்ந்திருக்க முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஜூன் 18ஆம் நாள் மலாயாக் கூட்டரசு முழுமைக்கும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது.

அதன்பின் தோட்டத்தின் தோற்றமே மாறியது. துரையின் பங்களாவைச் சுற்றி மணல்மூட்டையும் முள்வேலியும் எழுந்தன. அவர் செல்லும் வண்டிக்கு இரும்புத் தகடு பொருத்தப்பட்டது. இடுப்பில் ரிவால்வர், கையெட்டும் இடத்தில் ஸ்டென் துப்பாக்கி. பெரும்பாலும் மலாய் இளைஞர்களைக் கொண்ட சிறப்புக் காவலர் படை திரட்டப்பட்டது. 1948 முடிவதற்குள் அதில் ஏறக்குறைய 30,000 பேர் இருந்தனர். துரைமாரின் அச்சம் பொய்யன்று. ஆனால் அந்த ரிவால்வரால் எத்தனை பேர் உயிர் தப்பினர் என்பது வேறு கேள்வி. ரப்பர் வரிசைகளுக்குள் மறைந்திருந்து சுடுகிறவனை இடுப்புத் துப்பாக்கியால் எதிர்கொள்வது அரிது. நாம் மேலே சொன்ன குண்டின் கனமும் விசையின் பாரமும் அங்கேதான் பொருள் பெறுகின்றன. அது பெரும்பாலும் ஓர் அடையாளம்: 'அரசு இவரை நம்புகிறது' என்று பெரட்டுக்களத்தில் நின்ற நூற்றுக்கணக்கானோருக்கு அறிவிக்கும் அடையாளம்.

நம்பப்படாதவர்களுக்கு வேறு சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டின் அவசரகால விதிகள், அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கின. சுட்டிருக்க வேண்டியதில்லை, எவரையும் மிரட்டியிருக்க வேண்டியதில்லை, கையில் இருந்தாலே போதும். தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடமில்லை. அவசரகாலத்தில் இத்தகைய விதிகளின்கீழ் தூக்கிலிடப்பட்டோர் 200க்கும் மேற்பட்டவர்.

அவர்களுள் ஒருவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சைப் பகுதியில் பிறந்து, இளமையிலேயே மலாயாவுக்கு வந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றியவர். போருக்குப்பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் ஒரே அமைப்பில் கூடியிருந்த காலம் அது. அதன் தலைமையில் ஒரு தமிழர் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறியாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். 1948 ஜூனில் அந்தச் சம்மேளனத்துக்குப் பதிவு மறுக்கப்பட்டது. கணபதி தலைமறைவானார். 1949 மார்ச் மாதத் தொடக்கத்தில், சிலாங்கூர் மாநிலம் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கத்தான் எடுத்துச் சென்றார் என்று அவருக்காகப் பேசியவர்கள் கூறினர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே மாதத்தில் தீர்ப்பு. அடுத்து மேல்முறையீடு தள்ளுபடி. இந்திய அரசு தண்டனையைக் குறைக்குமாறு கேட்டுக்கொண்டது, பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டதற்கும் தூக்குக்கும் இடையே இரண்டு மாதங்களே. தமிழகத்தில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது, மு. கருணாநிதி 'கயிற்றில் தொங்கிய கணபதி' என்ற சிறுநூலை எழுதினார்.

அதே காலத்தில் சாம்பசிவம் என்ற மற்றொரு தமிழரும் இதே குற்றத்துக்காக மரணதண்டனை பெற்றார். இவர் வழக்கு ஜொகூரில் நடந்தது. துப்பாக்கி ஏந்தியதாக ஒரு குற்றச்சாட்டு, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டா வழக்கில் விடுதலை கிடைத்தது. துப்பாக்கி வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அதை ரத்துச் செய்தது. முதல் வழக்கில் விடுவித்துவிட்ட ஒருவரை, அவ்விடுதலையைப் பொருட்படுத்தாமல் அடுத்த வழக்கில் சிக்கவைக்க முடியாது என்று அது கூறிய கொள்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. சாம்பசிவம் உயிர் பிழைத்தார். கணபதிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. இருவருக்கும் இடையிலான வேறுபாட்டைக் குற்றத்தின் தன்மையில் தேடிப் பயனில்லை என்பது நம் கருத்து. நாட்காட்டியில்தான் தேட வேண்டும்.

இனி, துப்பாக்கியே இல்லாத பெரும்பான்மையினர். காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசியும் சந்தாவும் கேட்டார்கள்; மறுத்தால் மரங்கள் வெட்டப்பட்டன, லயங்கள் எரிந்தன, மண்டோர்களும் கங்காணிகளும் கொல்லப்பட்டார்கள். கொடுத்தாலோ காவல்துறையின் சந்தேகம். 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. பொழுது சாய்ந்ததும் ஊரடங்கு. அதிகாலையில் வாயிலில் சோதனை. காட்டுக்கு உணவு போய்விடக்கூடாது என்பதற்காக, பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மதியச் சோற்றைக்கூட எடுத்துச் செல்லத் தடை இருந்தது. பெண்களும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. விடியற்காலை வெறும் தேநீரோடு போய், பகல் கடந்து பசியோடு திரும்பியதைச் சுங்கை சிப்புட் வட்டாரத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் ஓரிரு சொற்களில் முடித்துவிடுவார்கள். சோற்றைப் பற்றிக் கேட்டால் நெடுநேரம் பேசுவார்கள்.

ஈப்போ நகரமும் இச்சட்டத்தின் பெயரால் ஒருமுறை உலகச் செய்தியானது. 1952இல் லீ மெங் என்ற இளம்பெண், கைக்குண்டு வைத்திருந்ததாக ஈப்போவில் விசாரிக்கப்பட்டார். முதல் விசாரணையில் ஆசிய மதிப்பீட்டாளர்கள் இருவரும் அவரைக் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி உடன்படவில்லை. மறுவிசாரணையில் மரணதண்டனை. ஹங்கேரி அரசு, தன் சிறையிலிருந்த ஓர் ஆங்கிலேயரை விடுவிப்பதாகவும், பதிலுக்கு லீ மெங்கைத் தரவேண்டும் என்றும் கேட்டது. பிரிட்டன் மறுத்தது. 1953இல் பேராக் சுல்தான் அத்தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். கணபதியின் வழக்கையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும், நான்கே ஆண்டுகளில் வெளியுலகின் கவனம் எவ்வளவு மாற்றம் செய்தது என்பது புரியும்.

1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிந்தது. துப்பாக்கிச் சட்டம் முடியவில்லை. அதே ஆண்டில் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மரணதண்டனையைத் தொடர்ந்தது. 1975 நவம்பரில் பேராக் மாநிலக் காவல்துறைத் தலைவர் கூ சொங் கொங் ஈப்போவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அச்சட்டத்தைத் தளர்த்த எவரும் நினைத்திருக்க முடியாது. கம்யூனிஸ்டுக் கட்சியோடு அமைதி உடன்பாடு 1989 டிசம்பர் 2ஆம் நாள்தான் கையெழுத்தானது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

இன்று சுழல் துப்பாக்கி வைத்திருக்க விரும்புகிறவர் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் உரிமம் பெறவேண்டும். குற்றச்செயலின்போது சுடுவதற்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கட்டாய மரணதண்டனையும் 2023 ஜூலை 4 முதல் கட்டாயம் அன்று; மாற்றுத் தண்டனையாக நீண்டகாலச் சிறை விதிக்க நீதிபதிக்கு உரிமை தரப்பட்டுள்ளது. கணபதியின்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கு, அதாவது அனுமதியின்றி ஒரு ரிவால்வர் வைத்திருந்ததற்கு, அதே 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பது 14 ஆண்டு வரை சிறையும், 6க்குக் குறையாத பிரம்படியும்.